புளி போட்டுத் துலக்கிய காசு

அந்தக் காசைக் கெடுத்தது நான்தான். பாண்டி அண்ணன் இல்லை.

என் கணவருக்கு இத்தாலிக் காசுப் பித்து. இத்தாலி ஒரே நாடாவதற்கு முன் அங்கிருந்த குட்டி ராஜ்ஜியங்களின் சில்லறை... செம்பில் பேருக்குக் கொஞ்சம் வெள்ளி கலந்தது. "நம்மள மாதிரி ஆளுக புழங்குன காசு" என்பார். செல்லூரில் பகலெல்லாம் தறிச் சத்தத்தில் கிடக்கிற மனிதர், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிடுவேன்.

அவற்றைத் தேடித் தருபவர் பாண்டி அண்ணன். மாட்டுத்தாவணிப் பக்கம் பழைய காசு விற்பவர், என் கணவரின் பால்ய சிநேகிதர். போப்பாண்டவர் ஆண்ட காலத்துக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். கறுத்துப்போன வெள்ளி நிறம். என் கணவர் அன்று சாப்பாட்டையே மறந்தார்.

ஆயுத பூசை வந்தது. அரிவாள்மனை வரை துலக்கிய கை சும்மா இருக்குமா? புளியும் உப்பும் வைத்து, கம்பி நாரால் அந்தக் காசையும் தேய்த்தேன். அவர் பார்த்து மகிழட்டும் என்றுதான்... கலந்திருந்த கொஞ்ச வெள்ளியும் மேல்தோலில்தான் படிந்திருந்ததென்று யார் கண்டது? செக்கச்செவேலென்று செம்பு இளித்தது. சத்தமில்லாமல் அவருடைய காசுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்தவர், "பாண்டி எனக்கே வெறுஞ்செம்புக்கு முலாம் பூசிக் குடுத்துட்டான்" என்று உடைந்துபோனார். அண்ணனை வரச்சொல்லிக் காட்டினார்.

அண்ணன் காசைப் புரட்டிப் பார்த்தார். எழுத்தோரம் சிக்கியிருந்த புளிச்சக்கையை நகத்தால் எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதான் மாப்ள. பாத்து வாங்கிருக்கணும்."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா? என்ன செய்திருப்பார் என் கணவர்? ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைத்திருப்பார், அவ்வளவுதானே! அதற்குப் பயந்தா அண்ணனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன்? நீங்களே சொல்லுங்கள்...

இன்றும் அண்ணன் வருகிறார். இருவரும் பேசிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவரிடம் காசு மட்டும் இவர் வாங்குவதில்லை.

போன ஆயுத பூசைக்கு விளக்கு துலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு காசை நீட்டினார். "இதையாச்சும் பாரு மாப்ள."

"வேணாம்யா. காப்பியக் குடி."

அண்ணன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி கை பட்டா எம்புட்டுப் பளபளப்பு, பாத்தியா மாப்ள?"

என் கணவர் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, காப்பிக்குச் சீனி எடுக்க உள்ளே போனேன்.