வராத தூரத்துக்கு ஒதுங்கியவள்

இரண்டு மாதமாக எனக்குத் தூரம் வரவில்லை என்பதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். என் அண்ணன் மனைவியிடம். சொன்ன வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். நாமக்கல்லில் ஓட்டத் தேர்வு பாக்கி. விடிகாலையில் எங்கள் மலையில் தேவனூர் நாட்டு மேட்டு ரோட்டில் ஏறி இறங்கி ஓடுவேன். உடம்பு இளைத்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, காலையில் ஒரு டம்ளர் கூழ், இரவில் அரை உருண்டை களி. எட்டு கிலோ குறைந்ததில் பெருமை வேறு. முதல் மாதம் வராதபோது விட்டது தொல்லை என்றிருந்தேன். இரண்டாம் மாதமும் வராதபோது காலண்டரில் நாளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

எங்கள் ஊரில் இதை மறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தூரமான மூன்று நாளும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஊர்க்கோடியில் இருக்கும் ஓட்டு அறையில் போய்த் தங்க வேண்டும். யார் ஒதுங்கினாள், யார் ஒதுங்கவில்லை என்று ஊருக்கே தெரியும். கல்யாணமானவள் ஒதுங்காவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆகாதவள் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் ஒதுங்காவிட்டால் தொலைந்தாள்.

அண்ணிக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை. முன்பு ஒருமுறை அவளுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனபோது என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் மூச்சு விடவில்லை. பிறகு வந்துவிட்டது. அந்த அறையில் என் மடியில் படுத்து அழுதாள். அந்த நம்பிக்கையில்தான் என் விஷயத்தைச் சொன்னேன்.

"யாரோடயாச்சும் பழகறியா கண்ணு?"

"அய்யோ அண்ணி! ஓடறதுக்கே நேரம் பத்தலீங்க. இதுல பழகறது வேறயா?"

சிரித்தாள். "அப்ப நான் ஒதுங்கறப்ப நீயும் வந்து சும்மா உக்காந்துக்க. ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

யோசனை அவளுடையது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவளுடையது. வராத தூரத்துக்கு மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தேன். சுத்தமான துணியை நனைத்துக் கொடியில் காயப்போட்டேன். "போலீசாகறதுக்கு முன்னாடியே திருடியாயிட்ட போ" என்று அவள் கேலி செய்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஓட்டத் தேர்வுக்கு முதல் நாள் மதியம் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பையைப் பிடுங்கி வீசினாள்.

"எவன்டி அவன்? ஒண்ணுமில்லாமயே மூணு நாள் போய் உக்காந்துட்டு வந்திருக்கியே, அத்தனை திமிரா உனக்கு?"

வாசற்படியில் அண்ணி நின்றிருந்தாள். "அண்ணி, நீங்கதான வந்து உக்காரச் சொன்னீங்க?" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கென்னங்க அத்தை தெரியும்? அவளா வந்தா, அவளா உக்காந்தா."

மறுநாள் நான் போக வேண்டிய அதே பஸ்ஸில், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். மலையடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் கெஞ்சினேன். "ஓடி முடிச்சுட்டு டாக்டர்கிட்ட வாரேம்மா. சத்தியமா வாரேன்."

"வயித்துல ஒண்ண வெச்சுட்டு ஓடுவியா நீ?"

சேந்தமங்கலத்தில் இறக்கினார்கள். பஸ் நாமக்கல்லுக்குப் போய்விட்டது.

டாக்டரம்மா முதலில் சிறுநீர்ச் சோதனை செய்யச் சொன்னார். பிறகு, வீட்டில் ஒருவரும் கேட்காததையெல்லாம் கேட்டார். என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எத்தனை கிலோ குறைந்தாய், தூங்குகிறாயா, மாத்திரை ஏதாவது போட்டாயா. நாள் தள்ளினாலே கர்ப்பம் என்று அர்த்தமில்லை என்றார். திடீரென்று இளைத்தாலும், சாப்பாட்டுக்கு மீறி உடம்பை வருத்தினாலும், ஓயாத கவலையிலும் தள்ளுமாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, சில மாத்திரைகள்கூடக் காரணமாக இருக்கலாமாம். ரத்தமும் எடுக்கச் சொன்னார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "குழந்தையெல்லாம் இல்லைங்க. இந்தப் பொண்ணு சோறே திங்கறதில்ல, அதான்" என்றார்.

வெளியே வந்து அம்மா இரண்டு போண்டா வாங்கிக் கொடுத்தாள். "தின்னு சாமி." அவ்வளவுதான். மைதானத்தில் அந்நேரம் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். போண்டாவைத் தின்றுகொண்டே அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு சொன்னேன். ஓடி ஏதாச்சும் ஆயிருந்தா?"

அப்படியென்றால் நான் யாரோடும் பழகவில்லை என்றதை அவள் ஒருநாளும் நம்பவில்லை. பயந்து சொல்லிவிட்டாள் என்றாவது மன்னிக்கலாம். அவளா வந்தா, அவளா உக்காந்தா என்று சொன்னாளே, அதை எப்படி மன்னிப்பது? கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

ரத்தத்தில் குறை ஒன்றுமில்லை. வயிறாரச் சாப்பிட்ட பிறகு, இரண்டு மாதம் கழித்துத்தான் தூரம் வந்தது. அந்த வேலை திரும்பி வரவில்லை.

மறுவருடம் மரவள்ளிக் காட்டில் வேலையாக இருந்தபோது அண்ணி பக்கத்தில் வந்து குந்தினாள். "நாப்பது நாளாச்சு கண்ணு. தங்குதான்னு பாக்கலாம். அத்தைகிட்ட இப்ப சொல்லிராத."

"சொல்ல மாட்டேனுங்க" என்றேன். சொல்லவுமில்லை.

அந்த மாதம் எனக்கும் பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.