லிஃப்ட் கதவுக்கு முன்னால் பண்ணின ஜெபம்

கதவு திறக்கவில்லை. லிஃப்டுக்கு உள்ளே என் பேரனும் பேத்தியும். பேரனுக்கு மூச்சு இழுக்கிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. அவன் வாயில் அடிக்கிற பஃப் மருந்து என் தோளில் தொங்கின ஸ்கூல் பையில் இருந்தது.

2004-ம் வருஷம். மழைக்காலம். வைட்ஃபீல்டில் என் மகன் குடியிருந்த அப்பார்ட்மென்ட். அன்றைக்கு நான் பட்ட பயத்தையும், ஆண்டவர் என்னைக் கைவிடாததையும் சபையாருக்குச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மர்பி டவுன்காரன். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் மூட்டை கட்டிப் பிழைத்தேன். மூட்டைகளோடு பேசவேண்டியதில்லை. வீட்டில் பேச்சும் ஜெபமும் என் மனைவி எஸ்தருடையது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஜெபிப்பாள். சோறு ஆறிப்போகும். கடைசியில் நான் ஆமென் சொல்லுவேன். அதுதான் என் பங்கு.

வீட்டுக் கூட்டங்களில் போதகர் திடீரென்று ஒருவரைப் பார்த்து, "நீங்க ஜெபத்துல நடத்துங்க பிரதர்" என்பார். அந்தப் பயத்தில் எப்போதும் கதவோரம்தான் உட்காருவேன். அவர் கண் என் பக்கம் திரும்பினால் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விடுவேன். எஸ்தர் அதற்கு என்னைக் கேலி பண்ணுவாள். "பரலோகத்துலயும் வாசல்லதான் நிப்பீங்க" என்பாள்.

2001-ல் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தாள். சபை முழுக்க ஜெபித்தது. என் மகன் சாமு உபவாசம் இருந்தான். அம்மா பிழைப்பாள் என்று எல்லாரிடமும் சொன்னான். அவள் போய்விட்டாள்.

சாமு கத்தவில்லை. அழக்கூட இல்லை. பைபிளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தான். அதற்கப்புறம் சபைப் பக்கம் வரவில்லை.

அவனும் மருமகள் ஷீலாவும் வேலைக்குப் போகிறவர்கள். ஸ்கூல் விட்டு வந்தால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். போன முதல் நாளே சாமு சொன்னான். "பிள்ளைங்ககிட்ட ஜெபம் அது இதுன்னு ஆரம்பிக்காதீங்கப்பா. கேட்டா கிடைக்கும்னு நம்புவாங்க. கிடைக்கலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஏனென்றால் எனக்கும் உள்ளே அதே பயம் இருந்தது. ஆண்டவர் செய்வார் என்று பிள்ளைகளிடம் சொல்லி, அவர் செய்யாமல் போனால்? இவர்களும் இவனைப் போலப் பைபிளைச் சுற்றி வைத்துவிட்டால்? சொல்லாமல் இருந்தால் அந்த மோசம் வராது. அப்படி நினைத்துக்கொண்டேன். காலையில் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் ஜெபத்தை முடித்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன்.

அன்றைக்கு ஸ்கூல் வேன் வந்தபோது நல்ல மழை. இரண்டு பேருடைய பைகளையும் நான் வாங்கிக்கொண்டேன். பேத்தி ஷெரினுக்கு எட்டு வயசு. பேரன் கெவினுக்கு அஞ்சு. யார் முதலில் பட்டனை அமுக்குவது என்று இருவருக்கும் தினமும் போட்டி. ஓடிப் போய் லிஃப்டில் ஏறினார்கள். நான் ஈரத்தில் வழுக்காமல் மெதுவாக வந்தேன். நான் வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. மேலே போகிற சத்தம் கேட்டது. அப்புறம் கரண்ட் போனது.

கரண்ட் போவது புதிதில்லை. ஜெனரேட்டர் ஓடும், லிஃப்ட் நகரும். அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடவில்லை. ரிப்பேருக்குக் கழற்றிப் போட்டிருந்தார்கள். செக்யூரிட்டி பையன் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

படியில் ஏறினேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. மூன்றாம் மாடிக் கதவில் காதை வைத்தால் சத்தம் கேட்டது. கெவின் அழுதுகொண்டிருந்தான். ஷெரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இங்க இருட்டா இருக்கு. கெவினுக்கு வீசிங் வருது. பஃப் உங்ககிட்ட இருக்கிற பையிலதானே இருக்கு?"

ஆமாம். என் கையில்தான் இருந்தது. கதவின் நடுவில் விரலை விட்டு இழுத்தேன். அசையவில்லை. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். செக்யூரிட்டி பையன் ஓடிவந்தான். லிஃப்ட்காரருக்குப் போன் பண்ணியாச்சு, மழையில் ரோடு முழுக்க ஜாம், வந்துகொண்டிருக்கிறார் என்றான். என் முகத்தைப் பார்த்து, "ஹெதரபேடி தாத்தா" என்று கன்னடத்தில் சொன்னான். பயப்படாதீங்க என்று. எதிர்வீட்டு அம்மா சாமுவுக்குப் போன் போட்டார். பையன் லிஃப்ட்காரரைக் கூட்டிவர வாசல் கேட்டுக்கு ஓடினான்.

கெவினுடைய மூச்சுச் சத்தம் விசில் மாதிரி ஆனது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஷெரின் உள்ளேயிருந்து சொன்னாள். "தாத்தா, நீங்க பாத்ரூம்ல பண்ணுவீங்களே. அத இங்க பண்ணுங்க. சத்தமா."

பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கிறாள்.

வாயைத் திறக்க முடியவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், கதவு திறக்காததைவிட அது எனக்குப் பெரிய பயம். நான் கேட்டு, கதவு திறக்காமல், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஷெரின் ஆயுசு முழுக்க என்ன நினைப்பாள்? அவள் அப்பனுக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கும். அதை என் கையால் செய்யவா?

"தாத்தா, இருக்கீங்களா?"

இருக்கேம்மா என்றேன். கதவில் நெற்றியை வைத்தேன். எஸ்தருடைய வார்த்தை ஒன்றும் எனக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, கெவினுக்கு மூச்சு குடுங்க. ஷெரின்கூட இருங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஆமென்."

"அவ்வளவுதானா?" என்றாள் ஷெரின்.

"அவ்வளவுதாம்மா."

கதவு திறக்கவில்லை. கரண்ட் வரவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

அப்புறம் கெவின் குரல் வந்தது. திணறித் திணறிக் கேட்டான். "தாத்தா... இயேசப்பாகிட்ட டார்ச் இருக்கா?"

அவன் அழுகையை நிறுத்தியிருந்தான். கேள்வி கேட்கிறான். இருக்கும்பா என்றேன். "அப்ப ஏன் அடிக்கல?" என்றான். ஷெரின் சிரித்துவிட்டாள். அந்த இருட்டில் அவள் சிரித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தாத்தா. நாங்களும் சொல்றோம்."

சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர்கள் என் பின்னால் சொன்னார்கள். கெவின் ஒரு வார்த்தை சொல்லுவான், மூச்சு வாங்குவான், அடுத்ததைச் சொல்லுவான். முடிந்ததும் மறுபடி. எத்தனை தடவை என்று தெரியாது. விசில் சத்தம் போகவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. என் நடுக்கம் எப்போது நின்றது என்றும் தெரியாது. கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் அவர் உள்ளே பிள்ளைகளோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

படியில் யாரோ ஓடிவருகிற சத்தம். திரும்பினேன். சாமு. ஆபீசிலிருந்து பைக்கில் வந்திருக்கிறான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் முழங்காலில் இருக்கிறேன். எதைச் செய்யாதீங்க என்றானோ அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஜெபம் வாயிலேயே நின்றுபோனது. இனி இந்த வீட்டில் எனக்கு இடமில்லை, பிள்ளைகளும் இல்லை என்று நினைத்தேன்.

"ஏன் தாத்தா நிறுத்திட்டீங்க?" என்றது ஷெரின் குரல்.

சாமு கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"பண்ணுங்கப்பா," என்றான். "நிறுத்தாதீங்க."

பண்ணினேன். அவன் என் பக்கத்தில் கதவில் கையை வைத்து நின்றான்.

லிஃப்ட்காரர் வந்தார். மொட்டை மாடியிலிருக்கிற மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இரண்டாம் மாடிக்கு இறக்கினார். நாங்கள் படியில் இறங்கி ஓடினோம். கதவு திறந்தது. கெவின் உதடு வெளிறி இருந்தது. சாமு அவனைத் தூக்கினான். நான் பையிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, அழுகையை நிறுத்தினது நல்லதாய்ப் போச்சு, இன்னும் அழுதிருந்தால் இழுப்பு முற்றியிருக்கும் என்றார். டாக்டர் சொன்னது சரிதான். பிள்ளையின் அழுகையை யார் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஷெரின், "தாத்தா ஜெபம் பண்ணட்டும்" என்றாள். எனக்குப் பழைய பயம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சாமுவைப் பார்த்தேன். அவன் சப்பாத்தியைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தான். அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

எஸ்தரை ஆண்டவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாமு கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். பேரப்பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதனால் ஆண்டவரை விட்டுப் போகவில்லை. சாமு இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு ராத்திரியும் நான் ஆமென் சொல்வதற்கு முன்னால் அவன் சாப்பாட்டில் கை வைத்ததில்லை.

கூட்டத்தில் இப்போதும் கதவோரம்தான் உட்காருகிறேன். முழங்கால் வலி, எழுந்து போக வசதி. ஆனால் போதகர் கூப்பிட்டால் செருப்பைத் தேடுவதில்லை. என்கூடக் கெவின் வந்தால் என்னை இடித்து, "தாத்தா, சின்னதா பண்ணுங்க" என்பான். சின்னதாகத்தான் வரும்.

என்னைப் போலக் கதவோரம் உட்காருகிற தாத்தாமார், பாட்டிமார் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வார்த்தை வராமல் இருக்கலாம். அவர் செய்யாமல் போனால் என்ற பயம் இருக்கலாம். அந்தப் பயத்தையும் சேர்த்து அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள். குழாயை மூடிவிட்டுச் சொல்லுங்கள்.