வாங்குகிறவர் கையெழுத்து

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போர்ட் கிள்ளானில் லோரிக்குக் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு எடுபிடியாக ஏறியவன், இறங்கும்போது பதினொரு லோரிக்கு முதலாளி. ஒப்பந்தம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோட்டு போட்ட ஆட்கள் நீட்டிய அக்ரிமெண்டில் ஒளிந்து கிடந்த வரியை விரல் வைத்துக் காட்டி, அவர்களை நெளிய வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் பட்டதாரிகள். அவர்களும் வீட்டு லோன் பேப்பரை முதலில் என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

அதனால் என் கூட்டாளி உயில் எழுத வேண்டும் என்றபோது, வக்கீல் எதற்கு, நான் இல்லையா என்றேன்.

அவன் என்னோடு முப்பது வருஷம் லோரி ஓட்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலாக் செலாத்தானில் சொந்தமாக ஒரு வீடு. கூடவே அவன் தங்கச்சி. அந்தம்மாவும் கல்யாணம் ஆகாதவர். அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆறு வருஷம் அழைத்துப் போய் அழைத்து வந்தவர் அவர்தான். வீடு தங்கச்சிக்கு என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. கிள்ளானில் ஓர் அண்ணன் இருந்தார். அண்ணனும் தம்பியும் பேசிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

புத்தகக் கடையில் உயில் ஃபாரம் வாங்கி, என் கையாலேயே மலாயில் நிரப்பினேன். இரண்டு சாட்சி வேண்டும் என்று போட்டிருந்தது. ஒன்று நான். இன்னொன்றுக்கு, சமையலறையில் இருந்த தங்கச்சியைக் கூப்பிட்டேன். லோரி வாங்கும்போது வாங்குகிறவன் கையெழுத்து இல்லாமல் எந்தப் பத்திரம் செல்லும்? வீடு அவருக்குத்தானே வருகிறது, அவரே போட்டால்தான் பலம் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். நாலு மாதத்தில் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலிடம் உயிலைக் கொண்டு போனோம். சின்ன வயசுப் பெண். இரண்டு தடவை படித்தாள்.

“அங்கிள், இந்த ரெண்டாவது சாட்சி யாரு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பெருமையாகக் காட்டினேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உயில் செல்லும், ஆனால் சாட்சி போட்டவருக்கு எழுதி வைத்தது செல்லாது என்றாள். அந்த வீட்டைப் பொறுத்தவரை உயிலே இல்லாத மாதிரி. அப்பா அம்மா இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. ஆகவே அண்ணனுக்குப் பாதி, தங்கச்சிக்குப் பாதி. அண்ணன் தன் பாதியைக் கேட்டால் வீட்டை விற்க வேண்டி வரலாம்.

படியிறங்கும்போது தங்கச்சி கேட்டார்:

“அப்ப, நான் கையெழுத்து போடாம இருந்திருந்தா வீடு என்னோடதா, அண்ணே?”

ஆமாம் என்றேன். அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்த வீட்டை விட்டால் போக வேறு இடம் கிடையாது.

இரண்டு வாரம் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கொமுட்டர் ரயில் ஏறித் தனியாக வக்கீலிடம் போய்ச் சண்டைக்கே நின்றேன். ஆறு வருஷம் பார்த்துக்கொண்ட பொம்பளையைச் சந்தேகப்படுகிற சட்டம் என்ன சட்டம்? வக்கீல் கோபப்படவில்லை.

“ஒப்பந்தத்துல தகராறு வந்தா ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேக்கலாம், அங்கிள். உயில்ல, கேக்க வேண்டிய ஆளே இல்லையே. அதனாலதான் எழுதுற கைக்குப் பக்கத்துல நின்னவங்கள சட்டம் அப்படிப் பாக்குது.”

திரும்பும்போது ரயில் ஷா ஆலமைத் தாண்டியது. அந்தக் கைக்குப் பக்கத்தில் அன்றைக்கு நின்றது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். தங்கச்சி அடுப்படியில் அல்லவா இருந்தார். நின்றது நான். உயிலை நிரப்பியபோது என் கூட்டாளி இன்னொன்றும் சொன்னான். அதை நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். அந்த அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கஞ்சன், கல் நெஞ்சுக்காரன் என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் பேசியவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். உட்காரச் சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. வீட்டு விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பாதியைத் தங்கச்சிக்கு விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வீடு நிற்கும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உயில்ல என்னைப் பத்தி அவன் ஒண்ணுமே சொல்லலையா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேப்பரும் அப்படித்தான் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் கோபத்தில் பாதி வீட்டைக் கேட்டுவிடுவாரோ என்றும் பயம். ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சொன்னான், அண்ணே. போர்ச்சுல நிக்கிற காரை உங்களுக்குக் குடுக்கச் சொன்னான். நாந்தான் எழுதல.”

“ஏன்?”

“பேசாத ஆளுக்கு எதுக்குடான்னு கேட்டேன். அவன் சரின்னு விட்டுட்டான்.”

“பேசாம இருந்தது நானும் என் தம்பியும். அதுல உனக்கு என்னய்யா வேலை?”

அவர் மனைவி கொண்டு வந்த காப்பி ஆறிப்போனது. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு அவர் கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோமே, அந்த நீலக் காரா?”

“அதேதான்.”

“பிரேக் போயிருக்கும்.”

“டயரும் போச்சு, அண்ணே.”

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். “இது அவளுக்காக. நீ கேட்டதுக்காக இல்ல லா” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடினார். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீடு இனி தங்கச்சி பெயருக்குத்தான் மாறும், அதனால் அவரும் ஓர் உயில் எழுதி வைப்பது நல்லது என்றாள் வக்கீல். மற்றவர்கள் கொஞ்சம் கீழே இருங்கள் என்றாள். நான் நாற்காலியை முன்னால் இழுத்தேன். இந்தம்மாவுக்கு மலாய் சுமார்தான், நான் கூட இருந்தால் உதவியாக இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரிஞ்சது போதும், அண்ணே. நீங்க போய் டீ குடிங்க” என்றார் தங்கச்சி.

கீழே சாப்பாட்டுக் கடையில் நானும் அந்த அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு டீ முடிந்து இரண்டாவதும் வந்துவிட்டது. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன எழுதுறாளோன்னு கேக்க வாய் துடிக்குதுல்ல?” என்றார்.

“துடிக்குது.”

“எனக்கும்தான். வாய மூடிட்டு டீயைக் குடி.”

முக்கால் மணி நேரம் கழித்துத் தங்கச்சி இறங்கி வந்து, பசிக்கிறது என்று தோசை சொன்னார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நாங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.