பிரவுணி எந்தச் சாதி நாய்?

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய நாள்கள். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறையில் இருந்தோம். நான் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். பரம்பரையியல் பாடம் தலைக்கேறியிருந்த காலம் என்பதால், கண்ணில் படுகிற எல்லாவற்றையும் இது தாயிடமிருந்து வந்ததா, தகப்பனிடமிருந்து வந்ததா என்று ஆராயும் விசர் எனக்கு. அதற்கு வசதியாக வீட்டில் பிரவுணி இருந்தது.

பெட்டைக் குட்டி என்பதால் யாரோ ஒழுங்கை முடக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன நாய் அது. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். ஒடுங்கிய இடுப்பு, நீண்ட முகம், கறுத்த வாய். உடம்பெல்லாம் கட்டை மயிராக இருக்க, வாலில் மட்டும் யாரோ தும்புத்தடியைச் செருகிவிட்டது போலச் சடை. கடலேரிப் பக்கம் போனால் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொள்ளும். ஒரு நாய்க்குள் எத்தனை நாய்கள் என்று நான் வியந்து வியந்து பார்ப்பேன். வாலுக்கு ஒரு பாட்டன், காதுக்கு ஒரு பாட்டி என்று கொப்பியின் பின்பக்கத்தில் கீறியும் பார்த்தேன். ஒன்றும் பொருந்தி வரவில்லை.

அப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் துரைமாரின் நாய்களைப் பார்த்தவர் அவர். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தமான வேட்டைநாய்ப் பரம்பரை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அணிலைக் கண்டால் அது பாய்ந்ததும் அவருக்கு வசதியாகப் போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் வருவதற்குள் பிரவுணியின் குலப்பெருமை தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமிதான் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள்.

"வேட்டைநாயும் மண்ணாங்கட்டியும். உது சும்மா ஊர் நாய், அண்ணை" என்பார்.

அவர் சின்ன மகளோடு தனியாக இருந்தார். இரண்டு வளவுகளுக்கும் நடுவில் பனையோலை வேலி. அந்த வேலியில் ஆள் குனிந்து போகிற அளவில் ஒரு பொட்டு. உப்பு, தணல், ஊர்க்கதை எல்லாம் அதால்தான் போய்வரும். குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கர் குழி எங்கள் வளவில் இருந்ததால், குண்டு போடுகிற பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் மாமி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பொட்டால் ஓடி வருவார். கோழிகள்தான் அவருடைய சீவியம். முட்டை விற்றுத்தான் அரிசி. அந்தக் கிழமை அடைக்கோழி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் குஞ்சுகளை அவர் பார்த்த பார்வையைக் கண்டிருந்தால் அவற்றின் பெறுமதி யாருக்கும் விளங்கும்.

ஒரு நாள் காலை பொம்மர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் விழுந்தடித்து இறங்கினோம். மேலே சுற்றிச் சுற்றி அது இரைய, நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தேவாரமெல்லாம் சொன்னோம். பிரவுணி மட்டும் ஓரிடத்தில் இருக்கவில்லை. எங்கள் காலுக்குள்ளால் உள்ளே வருவதும் திரும்ப வெளியே ஓடுவதுமாக இருந்தது. "சும்மா கிட, சனியன்!" என்று அப்பா அதட்டினார். பயத்தில் துடிக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

குண்டுகள் தூரத்தில் எங்கோ விழுந்தன. இரைச்சல் அடங்கியதும் வெளியே வந்தோம். வீட்டுக்குப் போன மாமி போன வேகத்தில் திரும்பி வந்தார். அடைக்கோழி வேலியோரம் கத்திக்கொண்டு திரிகிறது, குஞ்சுகளைக் காணவில்லை. அந்த நேரம் பார்த்துப் பங்கருக்குள்ளிருந்து பிரவுணி வெளியே வந்தது. அதன் வாயோரத்தில் மஞ்சள் தூவி ஒட்டியிருந்தது.

மாமி அழுதுவிட்டார்.

"வாயைப் பாருங்கோ அண்ணை! நீங்கள்தானே வேட்டைநாய்ப் பரம்பரை எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிஞ்சனியள்? இப்ப உங்கடை பரம்பரை என்ரை குஞ்சுகளைத் திண்டிட்டுது."

அப்பா நன்றாக மாட்டிக்கொண்டார். ஊர் நாய்தான் என்று சொல்லியிருந்தால்கூட மாமியின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும். மனிதர் விடவில்லை.

"இது மான் பிடிக்கிற சாதி, பிள்ளை. கோழிக்குஞ்சைத் திரும்பியும் பாராது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமி சிரிக்கிற நிலையில் இல்லை.

"பின்னேரம் என்ரை தம்பி வாறான். நாயை அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ. இல்லாட்டி உந்தப் பொட்டை அடைச்சுப்போடுவன். பிறகு குண்டு விழுந்தாலும் உங்கடை பங்கருக்கு நாங்கள் வரமாட்டம்."

தம்பியிடம் கொடுப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கயிற்றுச் சுருக்கும் பனந்தோப்பும்தான். மாமியின் மகள் அந்தப் பங்கருக்கு வராமல் விடுவதா, பிரவுணியைக் கொடுப்பதா? அப்பா எதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் தப்பிப்போன குஞ்சு ஒன்று பொட்டால் எங்கள் வளவுக்குள் வந்தது. நாங்கள் காண முதலே பிரவுணி கண்டுவிட்டது. ஒரே பாய்ச்சல். குஞ்சு அதன் வாய்க்குள். "ஐயோ!" என்று மாமி குழற, அப்பா தடியைத் தூக்கினார்.

பிரவுணி மெல்லவில்லை. உதறவும் இல்லை. தலையை உயர்த்தியபடி எங்களைக் கடந்து நேரே பங்கருக்குள் இறங்கியது. பின்னாலேயே நாங்களும் இறங்கினோம். இருட்டான கடைசி மூலையில், அது வழக்கமாகப் படுக்கும் சாக்கின் மேல், குஞ்சுகள் எல்லாம் எச்சில் ஊறிய தூவியோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கொண்டுவந்ததை அவற்றின் நடுவில் வைத்துவிட்டு, தானும் சுற்றி வளைத்துப் படுத்துக்கொண்டது.

மாமி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துச் சேலைத் தலைப்பில் போட்டார். ஒன்று மட்டும் நொண்டியது.

"ஒண்டிலையும் பல்லுப் படேல்லை" என்றார் மெதுவாக.

மேலே வந்து மூச்சு விடுவதற்குள் அப்பா புதிய தீர்ப்பு ஒன்று வைத்திருந்தார். துரைமார் தாரா சுடப்போகும்போது கூட்டிப்போகிற நாய் இது. விழுந்த பறவையைப் பல்லுப் படாமல் தூக்கிவந்து கொடுக்கும். வாலில் சடையும் தண்ணீர் ஆசையும் அங்கிருந்து வந்ததுதானாம்.

"உங்கடை துரைமாரை விடுங்கோ அண்ணை. போன மாரியிலை போட்ட குட்டியள் ஒண்டும் தங்கேல்லையெல்லே? பெத்த வயிறு தேடுது" என்றார் மாமி. சொல்லிக்கொண்டே பிரவுணியின் மடிந்த காதைத் தடவினார். அவர் அதைத் தொட்டு நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

இரண்டும் சரியாக இருக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றியது, அன்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் சின்னதுகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழிக்குள் ஓடவேண்டும் என்பதை அந்த நாய் மாமியைப் பார்த்தே படித்திருந்தது. காது யாருடையது, வால் யாருடையது என்று அத்தனை காலம் தேடினோம். எங்களோடு இருந்து அது என்ன படித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி பின்னேரம் வந்தார், தேநீர் குடித்தார், போனார். பிரவுணி எந்தச் சாதி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யாராவது ஒருவருடைய குணத்துக்கு அவருடைய பரம்பரையைக் கிளறத் தொடங்கினால், அவர் யாரோடு சேர்ந்து பயந்திருந்தார் என்று முதலில் கேளுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது.