அம்மாவுக்கு ஒரு ஷவர்

ஆக்லாந்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. விழுந்தால் போக வழி கிடையாது. குளியலறை கட்டிவிட்டுத் தரையில் தண்ணீர் போக ஓட்டை வைக்காத ஜனங்களை இங்கேதான் முதலில் பார்த்தேன். வீட்டுக்காரர் சார்பில் ஒரு பெண் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து, மூலை மூலையாகப் படம் எடுத்துக்கொண்டு போவாள். ஷவர் எப்படி என்று ஒருமுறை கேட்டாள். தண்ணீர் ரொம்ப வேகமாக வருகிறது என்றேன். பாராட்டு என்று நினைத்து தேங்க் யூ சொல்லிவிட்டுப் போனாள். நான் சொன்னது பாராட்டு இல்லை. அந்த வேகம் முதுகில் அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நெமிலிச்சேரியில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மாடியில் அம்மாவும் அக்காவும் இருக்கிறார்கள். போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து நடக்கிறாள், ஆனால் குனிய முடியாது, பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ள முடியாது. அக்கா திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். கம்பெனி வண்டி வருவதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டிவிட வேண்டும் என்பதால் விடியும் முன்னே எழுப்பிவிடுவாள். அம்மா போனில் என்னிடம் அழவில்லை, திட்டினாள். "அவ அவசரத்துக்கு நான் இருட்டோட எழுந்து, பொண்ணு முன்னாடி துணியில்லாம உக்காரணுமா? கதவச் சாத்திக்கினு நானே குளிக்கணும்டா. வேற ஒண்ணும் கேக்கல."

மகன் அம்மாவைக் குளிப்பாட்ட முடியாது. பக்கத்திலேயே இருந்தாலும் முடியாது. அதனால் மகன் சாமான் வாங்குவான். நானும் வாங்கினேன். இங்கே கடையில் பார்த்ததிலேயே பெரியது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர். ஊருக்குப் போன நண்பன் கையில் கொடுத்தனுப்பினேன். மாட்டியாகிவிட்டது என்று அக்கா படம் அனுப்பினாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை மாதிரி கொட்டுகிறது என்றாள் அம்மா. நான் நம்பினேன். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். மொட்டை மாடியில் டேங்க் தரையோடு உட்கார்ந்திருப்பதும், அதற்கு நேர் கீழேதான் அந்த பாத்ரூம் என்பதால் தண்ணீருக்கு வேகம் வராது என்பதும், போர்வெல் தண்ணீரின் உப்பு எந்தக் குழாயையும் விட்டுவைக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

லீவில் போனபோது முதல் வேலையாக அந்த ஷவரைத் திறந்தேன். நடுவிலிருந்த நாலைந்து ஓட்டையில் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. ஆஸ்பத்திரியில் சலைன் இறங்குகிற வேகம். அம்மா இதனடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு தோள் நனைவதற்குள் குளிரில் நடுங்கியிருக்கிறாள். இரண்டாம் நாளே அக்காவைக் கூப்பிட்டுவிட்டாள். அதன் பிறகு பழையபடி இருட்டில் எழுந்து குளியல். ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"ஷவர்தான்டா ஃபாரின். தண்ணி நெமிலிச்சேரி தண்ணி. இத உங்கிட்ட சொன்னா நீ இன்னா பண்ணுவ, இன்னொன்னு வாங்கி அனுப்புவ."

அவள் மேல் வந்த கோபத்தை வேலையில் காட்டினேன். பூந்தமல்லியிலிருந்து பாஷா என்ற பிளம்பரை வரவழைத்தேன். டேங்கைத் தூண் கட்டி உயர்த்தலாம் என்றார். தளம் பழசு, தாங்காது என்றேன். அரை நாள் வாதாடிய பிறகு, டேங்குக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஒரு பிரஷர் பம்ப் வைப்பது என்று முடிவானது. குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். பழைய இரும்புக் குழாயைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி உப்பு கட்டி, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி பிளாஸ்டிக் குழாய் போட்டோம். ஷவரை வினிகரில் ஊறவைத்து ஒவ்வொரு ஓட்டையாக ஊசியால் குத்தினேன். பம்பைப் போட்டதும் தண்ணீர் எதிர்ச் சுவர்வரை அடித்தது. "அண்ணாத்தே, இது குளிக்கவா, லாரி கழுவவா?" என்று பாஷா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதுதான் வேண்டும் என்றேன்.

மறுநாள் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. நல்லா இருக்குடா என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, கீழ் வீட்டில் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுப் பம்பைக் காட்டினேன். ஏதோ பாலம் திறந்துவைத்த மந்திரி மாதிரி ஆக்லாந்து திரும்பினேன்.

ஆக்லாந்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். நெமிலிச்சேரியில் அப்போது காலை. அக்காவுக்கு அன்று லீவு. அந்த நேரத்தில் போன் செய்தால் அம்மா குளிக்கப் போகும்போதே எடுப்பாள். சத்தம் கேளு என்று போனை வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போவாள். ஷவர் கொட்டும். வாராவாரம் கேட்டேன். வண்டியை நிறுத்திவிட்டு அந்த இரைச்சலைக் கேட்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிறு கதவு சரியாகச் சாத்தப்படவில்லை போலிருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல் கேட்டது. "நாற்காலிய இன்னும் தள்ளிக்கோம்மா, மேல படப்போவுது." பிறகு, "போதுமா? ஆஃப் பண்ணட்டா? இந்நேரம் கேட்டிருப்பான்." ஷவர் நின்றது. பக்கெட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்தது. ஒரு சொம்பு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொம்பு. அம்மா ஏதோ முனகினாள். அவள் வயசுத் தோலுக்கு அந்த வேகம் மணலை வீசுவது மாதிரி இருந்திருக்கும். கண்ணைத் திறக்க முடியாமல், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் பயந்திருப்பாள். குறைத்துத் திறந்தால் பம்ப் விட்டு விட்டு ஓடும், அது இன்னும் பயம். பாஷா சிரித்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். அது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக வாராவாரம் என் காதுக்காக ஒரு ஷவரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

குளியல் முடிந்து அம்மா போனை எடுத்தாள். கேட்டுச்சா என்றாள். கேட்டுச்சும்மா என்றேன். "நல்லா வருதுடா," என்றாள். சரிம்மா என்றேன்.

பஸ் கதவுக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்து, எல்லாம் சரிதானே என்று கேட்டாள். என் அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு நல்ல சேதிதான் என்று முடிவு செய்துகொண்டு, "குட் ஆன் ஹெர்," என்று அம்மாவுக்கு ஒரு சபாஷ் சொல்லி என் கையைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. மடியில் வைத்திருந்தேன். அதில் அக்கா அம்மாவுக்குத் தலை துவட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது. பிரேக்கை எடுத்து வண்டியைக் கிளப்பினேன்.