தவிட்டுப் பானையும் ஜப்பான் சலாதும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வாய்க்காத பெருமை ஒன்று எங்களுக்கு வாய்த்திருந்தது. என் மாமா கட்டிக்கொண்டு வந்த அத்தைக்கு ஜப்பான் சமையல் தெரியும். ஜப்பான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானுஓயா ஸ்டேஷனைத் தாண்டி ரயிலில் கொஞ்ச தூரம் போனால் வரும் என்று நினைத்திருந்தேன். அதனால் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அத்தை மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்தபோது, தோட்டத்து பங்களாவில் ஒரு பட்டாளம் வந்து தங்கியதாம். அதன் குசினியில் சின்னப் பெண்ணாகக் காய் நறுக்கப் போனவள் அவர்களுடைய காய்ப் பக்குவத்தைக் கற்றுக்கொண்டாள். சண்டை முடிந்ததும் தாயும் மகளுமாகப் பூண்டுலோயாப் பக்கம் இருந்த சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தார்கள். இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அத்தையிடம் கேள்வி கேட்டு மீள்வதும் லேசான காரியம் இல்லை.

மாமா துரை பங்களா குசினியில் எடுபிடி வேலை பார்த்தார். அதற்கு முன் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிவிட்டவர். மழையில் நனைந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும்; ஒரு கவ்வாத்துக் காலத்தில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். குசினிக்குப் போன பிறகுதான் மனிதர் தேறினார். பங்களாவின் பெரிய சமையல்காரருக்கு வயதாகி ஊருக்குப் போகும் நேரம் வந்தது. அந்த இடம் மாமாவுக்கா, நுவரெலியா ஹோட்டலிலிருந்து வரப்போகும் ஒருவனுக்கா என்று பேச்சு எழுந்தது. அவன் வந்தால் தன் ஆளையும் கூட்டிக்கொண்டு வருவான். மாமா திரும்பவும் மலைக்குத்தான் போக வேண்டும்.

அப்போதுதான் தேயிலை வாங்கும் ஜப்பான்காரர் ஒருவர் தோட்டம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பகல் சாப்பாட்டில் அவர் ஊர்ப் பதார்த்தம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று துரைசாணிக்கு ஆசை. யாரும் சொல்லாமல் ஒரு முள்ளங்கியைக்கூட நறுக்கியறியாத என் மாமா, “நம்ம வீட்டுலயே செய்வாங்க, கட்டாயம் கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு வந்து நின்றார்.

“தவளை தன் வாயால கெடும்பாங்க,” என்றாள் அம்மா.

“கெடாது. நான் இருக்கேன்ல,” என்றாள் அத்தை.

தவிட்டை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, உப்புத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து ஒரு மண்பானையில் அடைத்தாள். காய்ந்த மிளகாய் நாலைந்தும் இஞ்சித் தோலும் போட்டாள். தினமும் முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து புரட்டிக் கொடுத்தாள். அது புளித்து வந்த பிறகு முள்ளங்கியும் கரட்டும் அதற்குள் புதைந்தன. வாசனை நாங்கள் குடியிருந்த காம்பராவை நிறைத்தது. கள்ளுக்கடை வாசனை என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள்.

“மாட்டுக்கு வக்கிற தவிட்டுல மனுசனுக்கு என்னாடி கறி?” என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள்.

“மாடு புத்தி கெட்டதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்று அத்தை திருப்பிக் கேட்டாள்.

வாசனை தாங்காமல் அம்மா பானையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலில் வைத்தாள். யோசித்துச் செய்த காரியம்தான். ஆனால் என் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்துக்கு முதல் நாள் சாயங்காலம் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்த அப்பா, பால் கறக்கக் கொட்டிலுக்குப் போனார். அங்கே உப்புப் போட்டுப் பிசைந்த ஈரத் தவிடு, நடுநடுவே காயும் வைத்து, பானை நிறைய இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாட்டின் மேல் தன் பெண்சாதிக்கு வராத அக்கறை இன்றைக்கு வந்துவிட்டதே என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. பானையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்.

உள்ளே வந்தவர் பாராட்டினார்: “பருக்கை மிச்சமில்லாம நக்கிருச்சு. இனிமே இப்படியே ஊற வச்சுக் குடு.”

மாமா அடுப்படியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். மழையில் நனையாமலே அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அத்தை மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். மாட்டையும் காலித் தொட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“உப்பு சரியாத்தான் இருந்துருக்கு,” என்றாள். பிறகு மாமாவிடம், “எந்திரிங்க. பட்டாளத்தான் போற எடத்துக்கெல்லாம் பானையையா தூக்கிட்டுப் போனான்? ஒரே ராத்திரியில ஊறுறதும் இருக்கு,” என்றாள்.

முள்ளங்கி, கரட், வெள்ளரி எல்லாவற்றையும் எதிரே பிடித்தால் விளக்கு தெரிகிற அளவுக்கு மெல்லியதாகச் சீவினாள். உப்பைப் பிசறிச் சட்டியில் போட்டு, மேலே தட்டை மூடி, தட்டின் மேல் அம்மிக் குழவியைப் படுக்க வைத்தாள். காலையில் பார்த்தால் காய்கள் தண்ணீர் விட்டுத் துவண்டிருந்தன. பிழிந்து எடுத்து, புளிப்புக்கு வினாகிரியும் சீனியும் விட்டு, வறுத்த எள்ளைத் தூவினாள். பாதி முள்ளங்கியில் ஒரு பீட்ரூட் துண்டைப் போட்டுப் புரட்டி இளஞ்சிவப்பாக்கினாள். தாளிக்காத கறியை விருந்தாளிக்கு எப்படி வைப்பது என்று அம்மாவுக்கு மானப் பிரச்சினை. கடுகும் கருவேப்பிலையுமாகக் கரண்டியோடு வந்தவளை அத்தை வாசலிலேயே மறித்தாள்.

மாமாவோடும் அத்தையோடும் நானும் பங்களாவுக்குப் போனேன். கூப்பிட்டார்களா என்று கேட்கக் கூடாது; கோயிலுக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். குசினிக் கதவு இடுக்கில் எனக்கு நல்ல இடம் கிடைத்தது. ஜப்பான்காரர் வயதானவர், ஒல்லி. துரை வைத்த இறைச்சியை மரியாதைக்குத் தொட்டுவிட்டு வைத்தார். அத்தையின் முள்ளங்கிச் சலாது வந்தது. ஒரு வாய் எடுத்துப் போட்டவர், மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் மாமாவும் மூச்சை நிறுத்திவிட்டார்.

அவர் என்னவோ கேட்க, துரைசாணி குசினிப் பக்கம் திரும்பி அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசைக்கு நேரே நின்றாள். துரை முன்னால் எங்கள் ஆட்கள் நிற்கிற மாதிரித் தலையைக் குனிந்து நிற்கவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, அவர் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் திருத்தமாகச் சொன்னாள்.

அவர் எழுந்து நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து வளைந்து அத்தைக்குக் கும்பிடு போட்டார். வளைந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துரையும் எழுந்துகொண்டார். துரைசாணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷத்தில் மாமா என் தோளைக் கிள்ளிவிட்டார். அத்தை திரும்பி வந்து, கழுவ வேண்டிய சட்டிகளைக் கழுவினாள்.

விருந்தாளி எழுந்து கும்பிடும்படி சமைக்கிற வீட்டை விட்டுவிட்டு ஹோட்டல்காரனை யார் தேடுவார்கள்? குசினி மாமாவுக்கே கிடைத்தது. அதன் பிறகு ஒரு மழைக்காலத்திலும் அவர் கவ்வாத்துக் கத்தியைத் தொடவில்லை.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அத்தைதான் பத்தியம் பார்க்க வந்தாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம், அன்றைக்கு ஜப்பான்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“சொல்லல, கேட்டேன். ‘ரயில் ரோட்டு வேலைக்குப் போனவங்க எப்ப வருவாங்க’ன்னு கேட்டேன்,” என்றாள். “எங்கப்பாவையும் அண்ணனையும் சயாம் காட்டுக்கு லாரியில ஏத்திட்டுப் போனானுங்க. இந்த ஒரு கேள்வியத்தான் எங்கம்மா குசினிக்காரன்கிட்ட கேட்டு எனக்குப் பாடமாக்கி வச்சுச்சு. தட்டு வைக்கிறப்பல்லாம் ஒவ்வொருத்தன்கிட்டயும் கேப்பேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நாளைக்கு, நாளைக்கும்பானுங்க. அன்னிக்கு வந்தவரு ஒருத்தருதான் நாளைக்குன்னு சொல்லல.”

அந்தக் காட்டு ரயில் பாதை போடப் போன தமிழர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தைக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

அன்று பங்களாவிலிருந்து இறங்கி வரும்போது நான் முன்னால் ஓடினேன். லயத்தின் முதல் காம்பராவில் ஆரம்பித்துக் கடைசிக் காம்பரா வரை ஒவ்வொரு வாசலிலும் நின்று, எங்கள் அத்தை செய்த முள்ளங்கிக்கு ஜப்பான்காரர் எழுந்து கும்பிடு போட்டார் என்று சொன்னேன். பின்னாலேயே வந்த அத்தை, ஒரு வாசலில்கூட என்னைத் திருத்தவில்லை.