அம்மா ஏசுகிற படம்

அம்மா போன பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அவளுடைய நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள் போய்விடுவாள். ஓட்டு அட்டையில் ஒரு படம் இருந்தது. அதைப் பெரிதாக்கி மாலை போட்டால் போலீஸ் தேடுகிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்குள் அவளுடைய சரியான முகம் சுவரில் ஏறியாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மிச்சமிருந்தது என் கல்யாண சிடி ஒன்றுதான். நான்கு வருடத்துக்கு முன்பு எடுத்தது. அதை எடுத்த ஸ்டுடியோக்காரரிடமே கொட்டாரத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து அம்மா முகத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

"ஓடுத படத்த நிறுத்தினா கலங்கத்தான் செய்யும் அக்கா. ஓட்டு அட்டையில உள்ளதயே டச்சப் பண்ணித் தாறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. சிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வழி காட்டித் தந்தார். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். கல்யாணமோ மூன்று மணி நேரம்.

ஸ்டுடியோக்காரர் செய்து வைத்திருந்த அநியாயம் அப்போதுதான் தெரிந்தது. அந்நாட்களில் எங்கள் பக்கம் கல்யாண வீடியோ என்றால் ரோஜா உதிர வேண்டும், இதயம் பறக்க வேண்டும். தாலி கட்டும்போது அம்மாவின் மூக்கின் மேல் சிவப்பாக ஒரு இதயம். அது விலகட்டும் என்று பார்த்தால் அவள் கண்ணை மூடியிருப்பாள். கண் திறந்தால் ரோஜா வந்து விழும். ரோஜாவும் இல்லையென்றால் யாராவது சாம்பார் வாளியோடு குறுக்கே போவார்கள். நாசமாய்ப் போக என்று ஏசிக்கொண்டே மூன்று பகல் உட்கார்ந்தேன். சமைக்கவில்லை. வீட்டுக்காரர் ஹோட்டலில் வாங்கி வந்தார்.

மூன்றாம் நாள் அகப்பட்டது. பந்தி நடக்கிற இடம். ரோஜாவும் இல்லை, இதயமும் இல்லை. அம்மா கேமரா பக்கம் கையை நீட்டி ஏசிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் வியர்வை, வாய் திறந்திருக்கிறது, கண் இரண்டும் தெளிவாக விழித்திருக்கின்றன. அவளேதான். அழுதேன். அழுதுவிட்டு அந்த ஒற்றைப் படத்தைத் தனியாக எடுத்து, நாகர்கோவிலில் கொடுத்துப் பெரிதாக்கினேன்.

தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "இதையா மாட்டப்போற? வாறவங்க எல்லாரையும் ஏசுத மாதிரில்லா இருக்கு."

"ஏசாம இருந்தாளாட்டி ஒரு நாளாவது? இதுதான் மாட்டணும்."

படத்தில் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்க வழியில்லை. பந்தி முழுக்கச் சத்தத்தை அழித்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். கேமராக்காரரைத்தான் விரட்டுகிறாள் என்று நாங்கள் இருவரும் முடிவுகட்டினோம்.

அடியந்திரத்தன்று படத்துக்கு மாலை போட அப்பாவைக் கூப்பிட்டோம். படத்தைப் பார்த்தவர் மாலையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். எனக்கு பயமாகிவிட்டது.

"வேற படம் வைக்கணுமாப்பா?"

"வேண்டாம் மக்களே. இது என்னயாக்கும் ஏசுதா. கேமராக்காரன் பின்னால நான்தான் நின்னேன். ஊரெல்லாம் தின்னாச்சு, நீங்க மட்டும் எதுக்கு நிக்கியோ, வந்து இலையில இருங்கன்னு சொன்னா."

மாலையைப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அவர் மறுசோறு வாங்கினார்.